அத்தியாயம் 7: ஈரம் தங்கும் குளியலறைக்கு ஏற்ற கிரவுட்

டைல்ஸ்களுக்கு நடுவே உள்ள இடுக்கை நிரப்பும் பொருள் கிரவுட். ஹார்டுவேர் கடைகளில் ஜாயிண்ட் ஃபில்லர் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். குளியலறையில் டைல்ஸ் கெட்டுப்போவது அரிது. கறுப்பு படிவதும் பொடி உதிர்வதும் வாடை பிடிப்பதும் இந்த 2, 3 மி.மீ. இடுக்கில்தான் தொடங்குகின்றன. ஆனாலும் டைல்ஸை நாலு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுக்கும் வீடுகளில்கூட, இடுக்கை எதனால் அடைப்பது என்ற முடிவு கடைசி நாளில், மேஸ்திரி கையில் மிச்சமிருக்கும் வெள்ளை சிமெண்டோடு முடிந்துவிடுகிறது.

திருத்தணி போன்ற ஊரில் இந்த முடிவுக்கு எடை அதிகம். கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சுவரில் ஓதம் ஏறும். குளியலறைத் தரை நாள் முழுக்கக் காயாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் டைல்ஸ் மேல் வெள்ளைத் திட்டு படியும். முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவதான இவ்வூர் மலைக்கோயிலுக்கு ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கும் கூட்டம் திரளும்போது, விடுதிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஒரு குளியலறையை விடியற்காலை முதல் ஆள் மாற்றி ஆள் பயன்படுத்துகிறார்கள். மஞ்சள், மொட்டைத் தலையில் பூசிய சந்தனம், எண்ணெய், சீயக்காய் எல்லாம் தரை இடுக்கில் தங்கும். அதைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். கறையை விட அந்த ஆசிட்தான் சிமெண்ட் கிரவுட்டைச் சீக்கிரம் அழிக்கிறது.

ஆகவே நிற அட்டையைப் புரட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: அந்தக் குளியலறைக்கு வரும் தண்ணீர், அதைக் கழுவும் முறை. மற்றவை அதன்பின்.

கிரவுட் எதைச் செய்யும், எதைச் செய்யாது

கிரவுட் இடுக்கில் அழுக்கு சேராமல் தடுக்கும்; டைல்ஸ் ஓரம் உடையாமல் தாங்கும்; தண்ணீர் உள்ளே இறங்கும் அளவைக் குறைக்கும். நீர்க்கசிவை நிறுத்துவது அதன் வேலை அன்று. கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரிந்தால் பழுது டைல்ஸுக்கு அடியில் உள்ள வாட்டர்புரூஃபிங் பூச்சிலோ குழாய் இணைப்பிலோ இருக்கிறது. மேலே விலையுயர்ந்த கிரவுட் பூசினால் கசிவு சில மாதம் மறைந்திருந்து, பிறகு வேறு இடத்தில் தலைகாட்டும். கசிவைச் சரிசெய்த பிறகே இந்த அத்தியாயத்தின் வேலைகளைத் தொடங்க வேண்டும்.

தேர்வுக்கு முன் ஐந்து சோதனைகள்

1. இடுக்கின் அகலம். தரையிலும் சுவரிலும் ஐந்தாறு இடங்களில் அளவுகோலை வைத்து அளக்கவும். 3 மி.மீ. வரை ஒரு வகை, அதற்கு மேல் வேறு வகை. தாள் நுழையும் அளவுக்கே இடைவெளி விட்டுப் போட்ட டைல்ஸில் எந்தக் கிரவுட்டும் உள்ளே இறங்காது. மேலே ஒட்டி நின்று சில மாதங்களில் செதிலாக உரியும். புதிதாக டைல்ஸ் போடுபவர்கள் 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர் வைத்தே போடச் சொல்ல வேண்டும்.

2. டைல்ஸின் வகை. சுவருக்குப் போடும் பளபளப்பான செராமிக் டைல்ஸின் அடிமண் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். சில வகைகளில் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகும். விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதம்கூட உறிஞ்சாது. மெருகேற்றிய மார்பிள், கண்ணாடி டைல்ஸ் ஆகியவற்றில் மணல் கலந்த கிரவுட் கீறல் போடும்.

3. தண்ணீர். வாளியின் விளிம்பிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்த நீர் 600ஐத் தாண்டினால், குளியலறையில் திட்டு படிவது நிச்சயம். அதைக் கழுவ ஆசிட் வருவதும் ஏறக்குறைய நிச்சயம்.

4. கழுவும் வழக்கம். வீட்டில் யார், எதைக்கொண்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறார்கள் என்று கேட்டறியவும். கழிப்பறைக்கு ஊற்றும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதையே தரையெங்கும் ஊற்றும் வழக்கம் இருந்தால் சிமெண்ட் கிரவுட் தாங்காது.

5. காயும் நேரம். கடைசி ஆள் குளித்து முடித்த பிறகு தரை எவ்வளவு நேரத்தில் உலர்கிறது என்று பார்க்கவும். அடுத்த நாள் குளியல் வரைக்கும் ஈரம் நின்றால், கிரவுட்டை மாற்றுவதோடு எக்ஸாஸ்ட் ஃபேன் அல்லது வெண்டிலேட்டர் ஏற்பாடும் வேண்டும். பூஞ்சைக்கு ஈரமும் சோப்பு அழுக்கும் போதும். எந்தக் கிரவுட்டின் மேலும் அது வளரும்.

பழைய குளியலறையில் இருக்கும் கிரவுட் எதுவென்று தெரியாவிட்டால், கண்ணில் படாத மூலையில் இடுக்கின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடவும். இடுக்கு உடனே கறுத்தால் அது தண்ணீர் குடிக்கிறது என்று பொருள். தண்ணீர் முத்தாக நின்றால் அது எபாக்சி என்ற பிசின் வகையாகவோ, ஈரம் ஊறுவதைக் குறைக்கும் சீலர் பூசிய சிமெண்டாகவோ இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, ஒரு சாவியால் லேசாகச் சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடவும். நுரை பொங்கினால் சிமெண்ட். ஒன்றும் நடக்காவிட்டால் எபாக்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பார்த்ததும் கழுவிவிட வேண்டும்.

கடையில் கிடைக்கும் வகைகள்

வெள்ளை சிமெண்ட். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், கொத்தனாருக்குப் பழகியது. பாலிமர் எதுவும் கலக்காததால் காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். தண்ணீரையும் கறையையும் உறிஞ்சும். மஞ்சள் பூசிக் குளிக்கும் வீட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சிமெண்டும் சோப்பும் காரத்தன்மை உள்ளவை. அதனால்தான் வெள்ளை இடுக்குகளில் செம்பழுப்புக் கோடு விழுகிறது. நாள் முழுக்கக் காய்ந்து கிடக்கும் அறைக்கு வெள்ளை சிமெண்ட் போதும். குளியலறைத் தரைக்குப் போதாது.

மணல் கலவாத பாலிமர் சிமெண்ட் கிரவுட். 3 மி.மீ. வரையான இடுக்குகளுக்கு. மாவு போல நைசாக இருப்பதால் கீறல் போடாது. சுவர் டைல்ஸுக்கு ஏற்றது.

மணல் கலந்த பாலிமர் சிமெண்ட் கிரவுட். 3 மி.மீ.க்கு மேல், பாக்கெட்டில் குறித்த அளவு வரை. மணல் இருப்பதால் சுருக்கம் குறைவு. சொரசொரப்பான தரை டைல்ஸ், வெளி வராண்டா, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

எபாக்சி கிரவுட். பிசின், கடினமாக்கி, நிரப்புப்பொடி என்று இரண்டு அல்லது மூன்று பொட்டலங்களாக வரும். தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. இறுகிய பின் ஏறக்குறைய நீரை உறிஞ்சாது, கறை ஊறாது, வீட்டில் பயன்படுத்தும் கிளீனர்களைத் தாங்கும். விலை சிமெண்ட் கிரவுட்டைப் போல் பல மடங்கு. பூசுவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். நேர் வெயில் படும் இடத்தில் வெள்ளை எபாக்சி நாளடைவில் மஞ்சள் பாரிக்கும்.

சிலிக்கான் சீலன்ட். இது கிரவுட் வகையில் சேராது என்றாலும் இதில்லாமல் வேலை முடியாது. சுவரும் தரையும் சேரும் மூலை, இரு சுவர் சேரும் மூலை, குழாய் சுற்று, கம்மோடு அடி ஆகிய இடங்கள் வெயிலுக்கும் எடைக்கும் அசைபவை. கெட்டியான கிரவுட் அங்கே வெடிக்கும். ரப்பர் போல இழுபடும் சிலிக்கான் நிற்கும்.

பாக்கெட்டைப் படிப்பது எப்படி

ஐரோப்பியத் தரமான இ.என். 13888, சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 13007 ஆகிய இரண்டும் சிமெண்ட் கிரவுட்டை சி.ஜி. 1, சி.ஜி. 2 என்றும், எபாக்சி போன்ற பிசின் வகையை ஆர்.ஜி. என்றும் பிரிக்கின்றன. சி.ஜி. 2 உடன் டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் குறைவாக நீர் உறிஞ்சும் வகை. ஏ இருந்தால் தேய்மானத்தைத் தாங்கும் வகை. ஐரோப்பியத் தரத்தின்படி, 240 நிமிடம் நீரில் வைத்த சோதனைக் கட்டி சி.ஜி. 1 எனில் 10 கிராம் வரை உறிஞ்சலாம், சி.ஜி. 2 டபிள்யூ எனில் 5 கிராம் வரை, ஆர்.ஜி. எனில் 0.1 கிராம் மட்டுமே. மூன்றுக்கும் உள்ள தூரம் இந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.

ஐ.எஸ். 15477 என்று அச்சிட்டிருந்தால் அது டைல்ஸ் ஒட்டும் பசைக்கான இந்தியத் தரம், கிரவுட்டுக்கு உரியதன்று. கடைக்காரர் அதைக் காட்டினால் பொருள் மாறிவிட்டது என்று அறியலாம்.

தயாரித்த தேதியும் முக்கியம். மழைக்காலத்தில் கடைத் தரையில் கிடந்த சிமெண்ட் கிரவுட் பாக்கெட்டுக்குள் ஈரம் ஏறியிருக்கும். கையால் அழுத்திப் பார்க்கும்போது கட்டி தட்டினால் வாங்கக் கூடாது.

எந்தக் குளியலறைக்கு எது

- வீட்டுக் குளியலறை, நல்ல காற்றோட்டம், ஆசிட் பயன்படுத்தாத வழக்கம்: சுவருக்கும் தரைக்கும் சி.ஜி. 2 டபிள்யூ வகை சிமெண்ட் கிரவுட்; தரைக்கு மேலே சீலர்.
- வீட்டுக் குளியலறை, உப்புத் தண்ணீர், அடிக்கடி கிளீனர்: தரைக்கும், சுவரில் தண்ணீர் தெறிக்கும் முதல் 3 அடி உயரத்துக்கும், ஷவர் சுவர் முழுமைக்கும் எபாக்சி, மீதிச் சுவருக்கு சிமெண்ட் கிரவுட். செலவைக் குறைக்க இதுவே நடைமுறைக்கேற்ற வழி.
- விடுதி, மண்டபம், பக்தர்கள் தங்கும் சத்திரம்: தரை, சுவர் இரண்டுக்கும் எபாக்சி. கழுவும் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் கழுவும் முறையைக் கட்டுப்படுத்த முடியாது; பொருள்தான் தாங்க வேண்டும்.
- மேற்கூரை இல்லாத பழைய வீட்டுக் குளியலறை, கொல்லைப்புறத் துவைக்கும் இடம்: வெயில் படுவதால் வெள்ளை எபாக்சி வேண்டாம். சாம்பல் நிற, மணல் கலந்த சிமெண்ட் கிரவுட் போதும்.
- மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள குளியலறை: கோடையில் கூரையும் சுவரும் விரிந்து சுருங்கும். எந்தக் கிரவுட் ஆனாலும் எல்லா மூலைகளிலும் சிலிக்கான் கட்டாயம்.

நிறம்: தரைக்கு நடுத்தரச் சாம்பல், மணல் நிறம், இளம் பழுப்பு ஆகியவை மஞ்சளையும் சந்தனத்தையும் காட்டிக்கொடுக்காது. வெள்ளை சுவரோடு நிற்கட்டும். கரும் நிற சிமெண்ட் கிரவுட்டில் கடின நீரின் உப்பு வெள்ளையாகப் பூத்துத் தெரியும்.

எவ்வளவு வாங்குவது

ஒரு சதுர மீட்டருக்கு வேண்டிய கிலோ = (நீளம் + அகலம்) ÷ (நீளம் × அகலம்) × இடுக்கின் ஆழம் × இடுக்கின் அகலம் × 1.6. அளவுகள் எல்லாம் மி.மீ.யில்.

எடுத்துக்காட்டாக, 5 அடிக்கு 7 அடி குளியலறை, 7 அடி உயரம் வரை டைல்ஸ்:

1. தரை 35 சதுர அடி, அதாவது சுமார் 3.25 சதுர மீட்டர். 300 × 300 டைல்ஸ், 8 மி.மீ. ஆழம், 3 மி.மீ. இடுக்கு எனில் சதுர மீட்டருக்கு 0.26 கிலோ. மொத்தம் சுமார் 0.85 கிலோ.
2. சுவர், இரண்டரை அடிக் கதவைக் கழித்தால் சுமார் 150 சதுர அடி, அதாவது 14 சதுர மீட்டர். 300 × 450 டைல்ஸ், 8 மி.மீ. ஆழம், 2 மி.மீ. இடுக்கு எனில் சதுர மீட்டருக்கு 0.14 கிலோ. மொத்தம் சுமார் 2 கிலோ.
3. சேதாரத்துக்கு 10 சதவீதம் கூட்டினால் தரைக்கு 1 கிலோ, சுவருக்கு 2.25 கிலோ அளவில் வாங்கலாம்.

பழைய கிரவுட்டைச் சுரண்டிவிட்டு நிரப்பும்போது, சுரண்டிய ஆழத்தை மட்டும் கணக்கில் எடுக்கவும். ஒரே நிறத்தை ஒரே தொகுதி எண்ணில் வாங்கினால் நிறம் மாறாது.

வேலைக்கு உகந்த காலம்

தை, மாசி மாதங்கள் மிகவும் பொருத்தம்: மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. சித்திரை, வைகாசியில் செய்ய நேர்ந்தால் காலை 6 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்கவும். விடுதிகள் ஆடிக் கிருத்திகைக்கும் புத்தாண்டுக்கும் முந்தைய வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. எபாக்சி முழுமையாக இறுக 7 நாள் ஆகும். இறுகுமுன் சுடுநீரும் கிளீனரும் பட்டால் அதன் வலிமை குறையும்.

பழைய கிரவுட்டை அகற்றுதல்

1. கீசர், விளக்கு உட்பட அந்த அறைக்கான மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தவும். கருவிக்கு வேறு அறையிலிருந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் தடுப்பான் உள்ள இணைப்பை எடுக்கவும்.
2. தரை வடிகால் துளையைத் துணியால் அடைக்கவும். சுரண்டிய தூள் உள்ளே போனால் அங்கேயே கட்டிப்படும்.
3. கிரவுட் சுரண்டும் கைரம்பத்தால் இடுக்கின் நடுவில் கோடு போட்டு, இரு பக்கமும் மெல்ல அகற்றவும். டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் வெளியே வர வேண்டும். மேலே 1 மி.மீ. மட்டும் சுரண்டிப் புதிதாகப் பூசினால் நிற்காது.
4. தூளை பிரஷ், வாக்குவம் கொண்டு எடுக்கவும். ஈரத் துணியால் துடைக்கவும்.
5. விரலால் டைல்ஸைத் தட்டிப் பார்க்கவும். உள்ளே காலியாக ஒலிக்கும் டைல்ஸை எடுத்து மறுபடி ஒட்டிய பிறகே கிரவுட்.
6. கறுப்புப் பூஞ்சை இருந்த இடங்களில் நீர் கலந்த பிளீச்சிங் கரைசலைத் தடவி, 10 நிமிடம் விட்டு, நிறைய தண்ணீரால் கழுவிக் காயவிடவும்.

குறிப்பு: கிரைண்டர் இயந்திரம் வேகமானதுதான்; பழகாத கையில் டைல்ஸ் ஓரத்தைக் கடித்துவிடும். சிறிய குளியலறைக்குக் கைரம்பமே நல்லது.

சிமெண்ட் கிரவுட் பூசும் முறை

1. புதிய டைல்ஸ் எனில் பசை காய 24 மணி நேரமாவது விடவும். சிமெண்ட் கலவையில் பதித்த டைல்ஸுக்கு ஒரு வாரம் விட்டால் உள்ளீரம் வெளியேறும். உப்புப் பூப்பது குறையும்.
2. கோடையில், உறிஞ்சும் டைல்ஸ் ஓரங்களை ஈர ஸ்பாஞ்சால் நனைக்கவும். இடுக்கில் தண்ணீர் தேங்கக் கூடாது.
3. பாக்கெட்டில் சொன்ன அளவு குடிநீரை முதலில் பாத்திரத்தில் ஊற்றி, பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கவும். உப்புத் தண்ணீரில் குழைத்தால் காய்ந்ததும் வெள்ளை பூக்கும்.
4. கலவை பற்பசைப் பதத்துக்கு வர வேண்டும். 5 நிமிடம் ஊறவிட்டு மறுபடி கலக்கவும்.
5. ரப்பர் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, இடுக்குக்குக் குறுக்காக மூலைவாட்டில் அழுத்தி இழுக்கவும். இடுக்கின் போக்கிலேயே இழுத்தால் பூசியதைத் தகடே வழித்துக்கொண்டு போகும்.
6. ஒருமுறைக்கு 10 அல்லது 15 சதுர அடி போதும்.
7. 15 முதல் 20 நிமிடம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் வட்டமாகத் துடைக்கவும். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றவும்.
8. மேலே படியும் மெல்லிய வெண்படலத்தைக் காய்ந்த பிறகு உலர்துணியால் துடைக்கவும்.
9. வெயில் காலத்தில் மறுநாள் லேசாகத் தண்ணீர் தெளித்து ஈரம் காக்கவும். குளிக்க அனுமதிக்க 3 நாளாவது பொறுக்கவும்.
10. நன்றாகக் காய்ந்த பின், உள்ளூறும் வகை சீலரை பிரஷால் இடுக்கில் பூசி, டைல்ஸ் மேல் பட்டதை 5, 10 நிமிடத்தில் துடைக்கவும்.

சீலர் தண்ணீரும் எண்ணெயும் ஊறுவதைக் குறைக்கும். ஆசிட்டிலிருந்து காக்காது.

எபாக்சி கிரவுட் பூசும் முறை

1. இடுக்கு முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஒட்டாது. மழைக்காலத்தில் ஃபேன் வைத்து இரண்டு நாள் உலர்த்தவும்.
2. சொரசொரப்பான டைல்ஸில் முதலில் ஒரு மூலையில் சிறிது பூசித் துடைத்துப் பார்க்கவும். படலம் போகவில்லை என்றால் இடுக்கின் இரு பக்கமும் டேப் ஒட்ட வேண்டும்.
3. பொட்டலங்களை முந்தின இரவே நிழலில், குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.
4. பிசினையும் கடினமாக்கியையும் முழுப் பொட்டலமாகச் சேர்த்து, ஒரே நிறம் ஆகும்வரை கலக்கிப் பிறகு பொடியைச் சேர்க்கவும். கண்ணளவில் பாதி பாதியாகப் பிரித்தால் சில இடம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். சிறு இடத்துக்குச் சிறு பொட்டலம் வாங்குவதே வழி.
5. கலந்ததை வாளியிலேயே வைக்காமல் தட்டில் பரப்பவும். குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். வெயில் நாளில் பாக்கெட்டில் குறித்த நேரத்தில் பாதிதான் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு வேலை செய்யவும்.
6. சுவரை முதலில், தரையைப் பின்னர். கதவை நோக்கிப் பின்வாங்கியபடி பூசவும்.
7. கெட்டி ரப்பர் தகட்டால் அழுத்தி நிரப்பி, தகட்டைச் செங்குத்தாகப் பிடித்து மிச்சத்தை வழித்தெடுக்கவும்.
8. இறுகத் தொடங்குமுன் சிறிது தண்ணீர் தெளித்து, நைலான் தேய்ப்பானால் வட்டமாகத் தேய்த்து, ஸ்பாஞ்சால் ஒரே திசையில் இழுத்துத் துடைக்கவும். ஒருவர் பூச, இன்னொருவர் பின்னாலேயே துடைப்பது நல்லது.
9. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாம் முறை, சோப்புத் தண்ணீரால் துடைக்கவும். வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் மிச்சப் படலம் தெரியும். ஒரு நாள் விட்டுவிட்டால் அது கல்லாகிவிடும்.
10. 24 மணி நேரம் கால் வைக்கக் கூடாது. 7 நாள் கிளீனர், சுடுநீர் கூடாது.

மூலைகளுக்குச் சிலிக்கான்

1. மூலை இடுக்கில் கிரவுட் இருந்தால் முழுவதும் எடுத்துக் காயவிடவும்.
2. இரு பக்கமும் டேப் ஒட்டவும்.
3. குளியலறைக்கென்று விற்கும், பூஞ்சை தடுக்கும் சிலிக்கானைத் தேர்ந்தெடுக்கவும். மார்பிள், முகம் பார்க்கும் கண்ணாடி உள்ள இடத்தில் புளிப்பு வாடை அடிக்காத நியூட்ரல் வகை வேண்டும்.
4. கை நிறுத்தாமல் ஒரே இழுப்பில் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் தடவி, உடனே டேப்பை உரிக்கவும்.
5. 24 மணி நேரம் ஈரம் படக் கூடாது.

வழக்கமாக நேரும் தவறுகள்

- இறுகத் தொடங்கிய சிமெண்ட் கிரவுட்டில் மறுபடி தண்ணீர் விட்டு இளக்குவது. நிறம் திட்டுத்திட்டாகும், பொடியாக உதிரும்.
- ஒழுகும் ஸ்பாஞ்சால் துடைப்பது. பாலிமரும் நிறமும் கழுவிப் போய், இடுக்கு குழி விழும்.
- பழைய கிரவுட் மேலேயே புதியதைத் தீற்றுவது.
- பிசுபிசுப்பு போகவில்லை என்று எபாக்சியில் தின்னர் கலப்பது. இறுகும் தன்மையே கெடும்.
- வாட்டம் இல்லாத தரையில் கிரவுட்டைக் குறை சொல்வது. தரை வடிகாலை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. இறக்கம் வேண்டும். ஒரு குவளை நீரை மூலையில் ஊற்றிப் பார்த்து, தேங்கினால் டைல்ஸையே சரிசெய்ய வேண்டும்.
- சுவர் ஓதத்தைச் சரிசெய்யாமல் எபாக்சி பூசுவது. உள்ளீரம் வெளியேற வழியின்றி வேறு சுவரில் பெயின்ட்டை உரிக்கும்.

பாதுகாப்பு

- பிளீச்சிங் பவுடரையும் ஆசிட் அல்லது டாய்லெட் கிளீனரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஒன்றன்பின் ஒன்றாகக்கூட ஊற்றக் கூடாது. குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.
- கிரவுட்டைச் சுரண்டும்போது வரும் தூளில் சிலிக்கா உண்டு. துணி கட்டினால் போதாது; என்-95 முகக்கவசம் அணியவும். இடுக்கை நனைத்துக்கொண்டு சுரண்டினால் தூள் குறையும்.
- சிமெண்ட் ஈரமாக இருக்கும்போது தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவி மருத்துவரிடம் செல்லவும்.
- எபாக்சிக்கு நைட்ரைல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை சிறிது பட்டாலும் அரிப்பெடுக்கும். தோலில் பட்டதைத் தின்னரால் துடைக்கக் கூடாது, சோப்பால் கழுவவும்.
- கழுவிய எபாக்சி, சிமெண்ட் நீரை வடிகாலில் விடக் கூடாது. வாளியில் படியவிட்டு, அடியில் தங்கியதைக் காய்ந்தபின் குப்பையில் போடவும்.

பராமரிப்பு

1. நாள்தோறும்: குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரை வழித்து, எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓடவிடவும். மஞ்சள், சந்தனம், எண்ணெய் வழிந்த தரையை ஈரம் காயுமுன் சோப்புத் தண்ணீரால் அலசவும்.
2. வாரம் ஒருமுறை: ஆசிட் இல்லாத சோப்புக் கரைசலும் மென்மையான பிரஷும். சிமெண்ட் கிரவுட்டில் கம்பித் தேய்ப்பான் கூடாது.
3. கடின நீர்த் திட்டுக்கு: சிமெண்ட் கிரவுட் உள்ள இடத்தில் இடுக்கை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு, நீர் கலந்த வினிகரை டைல்ஸின் நடுவில் மட்டும் துணியால் தடவி, ஓரிரு நிமிடத்தில் அலசவும். மார்பிளில் வினிகரும் கூடாது. எபாக்சி இடுக்கு இதைத் தாங்கும்.
4. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் புரட்டாசியில்: நாலு சொட்டுத் தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்யவும். சீலர் பூசிய இடுக்கு கறுத்தால் மறுபடி சீலர் பூச வேண்டும். மூலைச் சிலிக்கான் உரிந்திருந்தாலோ உள்ளே கறுத்திருந்தாலோ முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடவும்.
5. இடுக்கு பொடியாக உதிர்வது ஓரிரு இடத்தில் என்றால் அந்த இடங்களை மட்டும் சுரண்டி நிரப்பலாம். தரை முழுக்கப் பரவியிருந்தால் மொத்தமாக அகற்றி எபாக்சிக்கு மாறுவதே சிக்கனம். ஆண்டுதோறும் ஒட்டுப்போடும் கூலி அதைவிடக் கூடும்.